560-ல் நின்ற கோடு

பழைய லேப் நோட்டில் இருக்கும் வரிசையிலேயே சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும்.

1. விளக்கு சரி.
2. 560-ல் வரக்கூடாத கோடு.
3. காரணம் வேலுச்சாமி.

ஜெனான் விளக்கைப் போட்டதும் மூக்கில் ஏறும் ஓசோன் நெடி... மலைமேல், செம்மேட்டில் எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தின் காலை அப்படித்தான் தொடங்கும். ஈரத்தில் கண்ணாடிகளுக்குப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மூலையில் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும்.

மலை மொச்சையின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கருவியில் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் இரண்டு மோனோகுரோமேட்டர்கள். முதலாவது, 280 நானோமீட்டர் ஒளியை மட்டும் பிரித்துப் புரதத்தின்மேல் விடும். புரதம் திருப்பித் தரும் மங்கலான ஒளியை இரண்டாவது பிரித்துக் காட்டும். வரைபடத்தில் 340 பக்கத்தில் ஒரு மேடு வரவேண்டும். வந்தது.

கூடவே 560-ல் ஊசி மாதிரி ஒரு கோடு.

மூன்று முறை புதிதாகக் கரைத்தேன். போகவில்லை.

கரைசல் ஊற்றும் குட்டிக் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவது, பக்கத்து மலைக் கிராமமான பைல் நாட்டு வேலுச்சாமி. தினக்கூலி. ஏதோ சாயத்தை ஒட்டவிடுகிறாரோ... அவர் கழுவும்போது பின்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க சார், குப்பியத் திருடிட்டுப் போயிருவேன்னு பாக்கறீங்களா?" என்று சிரித்தார்.

சிரிப்பும் சந்தேகமாகவே பட்டது. நேரில் கேட்கத் துணிச்சலில்லை. காரணம் அவர்தான் என்று ஆய்வுக்கூடத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். மறுவாரத்திலிருந்து வேலுச்சாமிக்கு வேலை இல்லை.

பிறகு நானே கழுவினேன். கோடு அங்கேயே நின்றது.

280-ஐ 290 ஆக்கிப் பார்த்தேன். கோடு 580-க்கு நகர்ந்தது. சரியாக இரட்டிப்பு. சாயமென்றால் அப்படி நகராது. சிதறி வரும் ஒளியை மோனோகுரோமேட்டர் அதன் இரட்டிப்பு அளவிலும் ஒருமுறை காட்டும். அதைத் தடுக்க ஒரு கண்ணாடி ஃபில்டர் உண்டு. பூஞ்சணம் துடைக்கக் கழற்றி, என் டிராயரில் வைத்து மறந்தது நான்.

தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன மாதம் செம்மேடு சந்தையில் வேலுச்சாமி மிளகு விற்றுக்கொண்டிருந்தார்.

"சார், அன்னைக்குக் கழட்டி டிராயர்ல வச்ச கண்ணாடிச் சில்ல, திருப்பி மாட்டுனீங்களா?"

"மாட்டலைன்னு அப்பவே தெரியுமா?"

"பாத்தனுங்க. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலீங்களே."

நான் வாங்கிய மிளகுக்கு மேல் கூட ஒரு கை அள்ளிப் போட்டார். ஏன் போட்டார் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்... இந்தச் சந்தேகப் புத்தி மட்டும் போகவில்லை.

இப்போதெல்லாம் கருவியே ஃபில்டரைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அன்று பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நோட்டின் மூன்றாவது வரியை இன்றுவரை நான் அடித்துத் திருத்தவில்லை.

அந்த வரி தவறு. காரணம் நான்.