சத்யபாமா பேசிய ஜெர்மன் வசனம்

சத்யபாமாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பர்மாவில், கியாக்டடா வட்டாரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அண்ணன் மகள் நர்ஸ் படிப்புக்கு ஜெர்மனி போகக் கிளம்பியபோது துணைக்கு மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தவள், அந்தப் பெண் விமானம் ஏறிய பிறகும் வகுப்பை விடவில்லை.

"அந்தப் பாஷைய வெச்சு யாருகூடப் பேசப் போற?" என்று அண்ணன் சுந்தர் கேட்டால், "எங்கூடவே பேசிக்குவேன்" என்பாள்.

ஒரு ஞாயிறு மதியம் வகுப்பில் படம் போட்டார்கள். போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் எடுத்த கறுப்பு வெள்ளைக் காதல் படம். புரொஜெக்டருக்குப் பொறுப்பு, அந்தக் கட்டடத்தின் எலெக்ட்ரீஷியன் தேவராஜ். மூன்று வருஷமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க பக்கம் கரண்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்பவர்.

படம் ஓடியது, அடியில் வரவேண்டிய பர்மிய எழுத்து மட்டும் வரவில்லை. ஆசிரியைக்குத் தொண்டை கட்டியிருந்தது. மைக்கை சத்யபாமாவின் கையில் திணித்துவிட்டார்.

முதலில் வரிவரியாக நிறுத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள். இடிந்த நகரத்துக்குச் சிப்பாய் திரும்பி வருகிறான். காதலி செங்கல் பொறுக்குகிறாள். பத்தே நிமிஷத்தில் சத்யபாமாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. அவனுக்குக் கட்டைக்குரல், அவளுக்குக் கீச்சுக்குரல் என்று பர்மிய மொழியில் வெளுத்துக் கட்டினாள். கூட்டம் கைதட்டியது.

ரயில் நிலையக் காட்சி வந்தது. புகையும் இரைச்சலும். சிப்பாய் படபடவென்று ஏதோ சொன்னான். அவள் காதில் விழுந்தது 'காபி' ஒன்றுதான். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். யோசிக்குமுன் வார்த்தை வந்துவிட்டது:

"மூன்று வருஷமாக உன்னிடம் கரண்டைப் பற்றியே பேசிவிட்டேன். என்னோடு ஒரு காபி குடிப்பாயா?"

திரையில் காதலி அவனைப் பளாரென்று அறைந்தாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சத்யபாமாவின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. புரொஜெக்டர் பக்கம் திரும்பவே இல்லை.

படம் முடிந்து கூட்டம் கலைந்ததும் தேவராஜ் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். மரியாதைக்குப் பெண் பெயருக்கு முன் 'மா', ஆண் பெயருக்கு முன் 'கோ' சேர்ப்பது பர்மிய வழக்கம்.

"மா சத்யா, அந்த ஆளு நெசமாவே அப்படியா சொன்னான்?"

"இல்ல கோ தேவராஜ். நானாத்தான் சொன்னேன்."

"அதான் அறை வாங்கிட்டான்." சுருட்டிய ஒயர் கையிலிருந்து நழுவி மறுபடி அவிழ்ந்தது. "நான் கேட்டா?"

"கேட்டுப் பாருங்க."

"காபி குடிக்க வர்றீங்களா?"

"எனக்குக் காபி பிடிக்காது. டீன்னா வர்றேன்."

டீக்கடையில் ஆளுக்கு மூன்று கோப்பை. பேச்சு ஓயவில்லை. ஒரே பேருந்தில் ஏறினார்கள். எந்தப் பேருந்து என்று இருவருமே பார்க்கவில்லை. கண்டக்டர் "மாவ்பி!" என்று கத்தியபோதுதான் ஊர் எல்லை தாண்டி வந்திருப்பது தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்கள். அங்கிருந்த சந்தையில் தேவராஜ் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார்.

தை மாதத்தில் கல்யாணம். ஜெர்மனியிலிருந்து அண்ணன் மகள் வீடியோவில் பார்த்து, ஜெர்மனிலேயே வாழ்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.