அவருக்கு மட்டும் ஒரு சீட்டு

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டனில் வீடு வீடாக வரும் அந்த நர்சம்மாவை எனக்குப் பிடிக்காது. ஒல்லியான பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா. வீட்டுக்கு வீடு வேறு வேறு சீட்டு எழுதிக் கொடுப்பாள்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிரஷர் ஏறிக் கிடக்கிற மனுஷன். பீடி, சாராயம், ஊறுகாய் மூன்றையும் விடச் சொல்லி முப்பது வருஷமாகக் கத்தினேன். காதிலேயே ஏறவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சி ஆளுங்கள ஏத்திக்கினு வர்ற கேஜ் லிஃப்ட்டு, சுரங்கத்துலேர்ந்து ஒரே மூச்சுல மேல வந்துடுமா ஐயா?"

"எப்படி வரும் சிஸ்டர்? லெவல் லெவலா நின்னுதான் வரும்."

அதையே சீட்டில் எழுதினாள். முதல் லெவல் ஊறுகாய், அடுத்தது பீடி, கடைசியில் சாராயம். அதை அவர் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். இப்போது பீடியும் போய்விட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இன்னாம்மா பழக்கம்?" என்றாள். கன்னத்தில் அடக்கியிருந்த புகையிலையோடு வாய் திறக்காமல், ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக்கு மறுபடி வருவாள். புகையிலைப் பொட்டலத்தை அவள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.