ரெடிமேட் மரமும் என் கொல்லையும்

கம்ப்யூட்டருக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுக்கும் எங்கள் தொழிலில், உட்கார்ந்து யோசிக்கிறவனைவிடத் தேடி எடுக்கிறவனுக்குத்தான் மரியாதை. கஷ்டப்பட்டுச் சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்து மேஜைக்காரர் ரெடிமேடாக ஒன்றைக் கொண்டுவந்து கைதட்டு வாங்கியதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இது புரியாது.

கடையில் மாவு

தினசரிப் பத்திரிகையில் செய்திகளை வெட்டித் திருத்திவிட்டு வெளியே வந்தவன் நான். இப்போது செஞ்சியில், திண்டிவனம் சாலையில், ஒரு மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனியில் வேலை. விவசாயி செல்போனில் பேசிக் கேட்கிற கேள்விக்கு மெஷின் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், நெல் ஒரு பயிர், பயிர் நிலத்தில் விளையும், நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று எது எதன் வகை, எது எதோடு சேரும் என்பதை ஒருவர் எழுதித் தரவேண்டும். அதற்கு ஆன்டாலஜி என்று பெயர். கிளை கிளையாகப் பிரிவதால் எங்கள் ஆபீஸில் அது 'மரம்'.

நான் வேரிலிருந்து ஆரம்பித்தேன். தொண்டூருக்கும் பனமலைக்கும் பஸ் ஏறிப் போய், வரப்பில் நின்று கேட்டு, ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். நெல்லை முடித்து மல்லாட்டைக்கு வந்திருந்தேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அப்போதுதான் ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்தாள். என்ஜினீயரிங் படித்த உள்ளூர்ப் பெண். யாரோ செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த பயிர் மரம் ஒன்றை இன்டர்நெட்டில் தேடி இறக்கினாள். டெல்டா பக்கத்துக்காரர் ஒருவர் அதற்குத் தமிழும் எழுதியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் மரம் என் மரத்தைவிட உயரம். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"கடையில மாவு விக்குது சார். நீங்க இன்னா, தோசைக்கு நாத்து நட்டுக்கினு இருக்கீங்க?"

முதல் பக்கத்துப் பெயர்

இரண்டு மரத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் முதலாளி தயாளன். எந்த மரம் நிற்கிறதோ, அதைச் செய்தவர் பெயர், விவசாயி போனில் திறக்கிற எங்கள் செயலியின் முதல் பக்கத்தில் வரும். எனக்கு அந்த ஒரு வரி வேண்டும். பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் ஊரார் எழுதியதைத் திருத்தி அவரவர் பெயரோடு அச்சுக்கு அனுப்பியவன். என் பெயர் ஒரு நாளும் அச்சேறவில்லை.

அன்றிலிருந்து ஸ்டெல்லா எது செய்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வண்டிக்கு மட்டும் வேப்ப மரத்து நிழல் கிடைக்கிறது. ராஜகிரிக் கோட்டை தெரியும் ஜன்னல் அவளுக்கு. கோட்டைப் பக்கமிருந்து வரும் குரங்குகூட, ஜன்னலோரம் இருந்த இரண்டு டிபன் பாக்ஸில் என்னுடையதைத்தான் தூக்கியது. தயாளன் இரண்டு மரங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார்:

"உங்க மரம் அழகா இருக்குது சார். அவங்க மரத்துல காய் இருக்குது."

ஏரிக்கு அந்தாண்ட

காயைச் சோதிக்க, மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றி வந்த விவசாயிகளில் சிலரை ஆபீஸுக்கு அழைத்தோம். தொண்டூர் ஏழுமலை முதலில் போனை வாங்கினார். "கொல்லையில மல்லாட்டை மஞ்சளாவுது, இன்னா பண்றது?" என்று கேட்டார். ஸ்டெல்லாவின் மரத்தில் ஏறி இறங்கிய மெஷின், "வீட்டின் பின்புறத்தில் கழிவுநீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் இடத்தைத் தள்ளி அமையுங்கள்" என்றது.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம். டெல்டாவில் வீட்டுப் பின்பக்கம். அதிலும் 'கொல்லைக்குப் போவது' என்றால் செம்பு எடுத்துக்கொண்டு போகிற காரியம். என் மனைவி கும்பகோணத்துக்காரி. கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, "எங்க நைனா பொழுதுக்கும் கொல்லையிலதான் இருப்பாரு" என்று பெருமையாகச் சொல்லி, மொத்தக் குடும்பத்தையும் சிரிக்க வைத்தவன் நான். ஏழுமலை சிரிக்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:

"என் கொல்லை ஏரிக்கு அந்தாண்ட இருக்குது. அவ்ளோ தூரம் போயா எங்க வூட்ல பாத்திரம் தேய்ப்பாங்க?"

ஒட்டு

அன்று ஆபீஸில் எல்லோருக்கும் என் செலவில் டீ, வடை. ரெடிமேட் மரம் சாய்ந்தது, இனி என் மரம்தான் என்று நினைத்துக்கொண்டு ஸ்டெல்லாவுக்கு இரண்டு வடை கொடுத்தேன். அவள் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "சார், உங்க மரத்துல கொல்லைய எப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள். மகிழ்ச்சியில் இருக்கிறவன் எதையும் மறைப்பதில்லை. கொல்லை, அதன் கீழே மானாவாரி, அதன் கீழே மல்லாட்டை, கம்பு, எள் என்று திறந்து காட்டினேன்.

என் டீ ஆறுவதற்குள் அவள் ஏழுமலையைக் கூப்பிட்டு மறுபடி கேட்கச் சொன்னாள். மெஷின் இந்த முறை மல்லாட்டை இலைக்கு ஒழுங்காக வைத்தியம் சொன்னது. டெல்டாவின் கொல்லையை அவள் வெட்டவில்லை. அதை அந்த ஊர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, என்னுடையதைப் பக்கத்தில் செருகியிருந்தாள். தயாளன் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார்: ஸ்டெல்லாவின் மரம். கையிலிருந்த வடையை நான் கீழே வைத்தேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்:

"உங்க கிளைய ஒட்டுக் கட்டிட்டேன் சார். யாருதை எடுத்தாலும் பேர் போடணும், அதான் ரூல். உங்க பேரும் வரும்."

பெயர் வந்தது

வந்தது. முதல் பக்கத்தில் மரத்தை முதலில் செய்த வெளிநாட்டார் பெயர்கள், தமிழ் எழுதிய டெல்டாக்காரர் பெயர், பெரிய எழுத்தில் ஸ்டெல்லா. எல்லாவற்றுக்கும் கீழே, 'கொல்லை' என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, என் முழுப் பெயர். வாழ்க்கையில் முதல் தடவை. பொறாமையை ஒரு சாயங்காலத்துக்கு ஒத்திவைத்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். முதலில் போன் செய்தவன் கும்பகோணத்து மைத்துனன். பின்னால் அவன் வீடே சிரிக்கிற சத்தம் கேட்டது:

"என்ன அத்தான், இந்த வயசுல உங்களைக் கொல்லைக்குப் பொறுப்பா போட்டிருக்காங்களாமே?"

அடுத்தவர் மரத்தில் தொற்றிக்கொண்டால் நமக்கும் பெயர் கிடைக்கிறது. எந்தக் கிளையில் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.