ஏழாம் மாதத்துப் பரீட்சை

என் மருமகள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி வைத்தாள். சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். எட்டுக் கட்டம், கட்டத்துக்குள் ஆறேழு வரி, ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அம்புக்குறிகள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. என்ன இது என்று கேட்டதற்கு, எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் நான்கு வருஷப் படிப்பும் இந்த ஒரு தாளில் இருக்கிறது அத்தை என்றாள். இந்தக் கணக்கு புரிந்தால்தான் அந்தப் பாடம் புரியும், அது புரிந்தால்தான் மோட்டார் புரியும், மோட்டார் புரிந்தால்தான் ஊருக்குக் கரண்ட் வருகிற வழி புரியும் என்று அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். தேறிய பாடத்துக்குப் பச்சை மையில் ஒரு கோடு போடுவாள். அப்போது கோடு விழாத பழைய பாடங்கள் நான்கு இருந்தன. அரியர் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் விழுப்புரம் பக்கத்துப் பெண். திருமழிசை தாண்டி நெடுஞ்சாலை மேல் இருந்த ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தாள். மூன்றாம் வருஷ முடிவில் அவள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் பயந்துபோனார். தான் இருக்கும்போதே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். என் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஆவடியில் அவன் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே ஃபிட்டராக இருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், மிச்சப் படிப்பை நாங்கள் முடிக்க வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தது என் வீட்டுக்காரரும் இல்லை, மகனும் இல்லை. நான்தான் கொடுத்தேன். சபையில் என் பேச்சு எடுபட வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. இன்ஜினியர் மருமகள் வரப்போகிறாள் என்று சேக்காடு தெரு முழுவதும் சொன்னதும் நான்தான்.

நாலாம் வருஷம் முழுவதும் எங்கள் வீட்டிலிருந்து போய்வந்தாள். விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பூந்தமல்லி போய் அங்கே பஸ் மாறிப் போவாள். குறை சொல்ல முடியாது. நாலாம் வருஷப் பாடங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. பழைய நான்கில் மூன்றை அதற்கடுத்த இரண்டு வருஷத்தில் எழுதித் தேறினாள். பீல்ட்ஸ் என்ற ஒரே ஒரு பாடம் மட்டும் நின்றுபோனது. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணக்குப் போடுகிற பாடமாம். ஒரு தடவை நான்கு மதிப்பெண்ணில் போனது. ஒரு தடவை எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், அவள்தான் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள், பரீட்சைக்குப் போகவில்லை. இன்னொரு தடவை மேல்மாடிக்குத் தளம் போட்ட அன்றைக்கு ஆட்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று நானே நிறுத்தினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற பரீட்சைதானே, இந்த பஸ் போனால் அடுத்த பஸ் என்று எனக்கு நினைப்பு. அவளும் ஒவ்வொரு தடவையும் சரி அத்தை என்பாள். அந்தச் சரியை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி நாலாம் வருஷம் வரை வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சென்னீர்குப்பத்தில் இருந்த என் நாத்தனாருக்கு அது வாய்க்கு வெற்றிலைபாக்குப் போல. வரும்போதெல்லாம், "இன்னா அண்ணி, மருமவ இன்னும் படிச்சிகினேதான் கீறாளா? ஒரு பாப்பா இன்ஜினியர பெத்துக் குடுக்கச் சொல்லேன்" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன். உள்ளே எரியும். அதனால் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், வளைகாப்பை ஊர் பார்க்கச் செய்ய வேண்டும், நாத்தனாரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று.

ஏழாம் மாதம் கார்த்திகையில் வந்தது. ஜோசியர் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் நேரம் குறித்துக் கொடுத்தார். பத்திரிகை அடித்தேன். நாத்தனார் வீட்டுக்கு நானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மூன்றாம் நாள் பரீட்சைத் தேதி வந்தது. அதே புதன்கிழமை, காலை பத்து மணி.

அவள் சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அத்தை, தையில ஒன்பதாம் மாசம் வருது. அப்ப வளையல் போட்டுக்கலாமா?"

"பத்திரிக வச்சாச்சுமா. இப்போ போய் மாத்துனா நாலு பேரு இன்னா நினைப்பான்? ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்துகினுதான கீது உன் பரிச்ச. அடுத்த வாட்டி எழுது."

"அடுத்த வாட்டி இல்ல அத்தை. சேர்ந்ததுலேர்ந்து ஏழு வருஷம்தான் விடுவாங்க. இதான் கடைசி."

அதற்கு முன்னால் அவள் ஒரு தடவைகூடக் கடைசி என்ற சொல்லைச் சொன்னதில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். பிள்ளைகள் அடம்பிடிக்கச் சொல்கிற சொல் என்று நினைத்தேன். மறுநாள் இன்னொரு வழி கொண்டுவந்தாள். ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்துவிடும், ஆட்டோ வைத்துக்கொண்டு இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறேன், அப்புறம் வளையல் போடுங்கள் என்றாள். வந்தவர்களை இரண்டு மணி வரை வெறும் மணையைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்வதா, நாத்தனார் வாயில் அதற்கப்புறம் யார் விழுவது என்று சத்தம் போட்டேன். என் மகன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, அம்மா சொல்றபடி செஞ்சிரு என்றான். அவன் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அவள் சரி அத்தை என்றாள்.

வளைகாப்பு நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. அரக்குக் கரை வைத்த பச்சைப் பட்டு, கன்னத்தில் சந்தனம், ஐந்து வகைச் சாதம். முதல் வளையலை நான் போட்டேன். அவள் கை சில்லென்று இருந்தது. மணி பத்தானதும் அவள் உதடு அசையத் தொடங்கியது. நாத்தனார் என்னை இடித்து, "பாரு அண்ணி, சாமி பேரச் சொல்லிகினு கீறா. நல்ல பொண்ணுதான்" என்றாள். அவள் வாயால் அதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். சந்தோஷத்தோடு மருமகள் பக்கம் குனிந்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தது சாமி பேர் இல்லை. இங்கிலீஷும் எண்ணுமாக ஏதோ கணக்கு. மணையில் உட்கார்ந்தபடியே அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. அப்போதும் ஒரு ஆட்டோவைக் கூப்பிட நேரம் இருந்ததா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். இருந்தது. அரை மணி வரை தாமதமாகப் போனாலும் உள்ளே விடுவார்களாம். நான் நிமிர்ந்து அடுத்த சுமங்கலியை வளையல் போடக் கூப்பிட்டேன்.

போயிருந்தால் தேறியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தேறியிருக்க மாட்டாள் என்று சில வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எனக்குத் தூக்கம் தரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு குழந்தையோடு திரும்பி வந்தவள், ஈரத்துணி வைத்து அந்தத் தாளைப் பீரோவிலிருந்து உரித்து எடுத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், திட்டியிருந்தால்கூட, நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். அவள் அந்த வழியை எனக்கு விடவில்லை. இன்றுவரை எனக்கு முதலில் சோறு போடுகிறாள், வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். படிப்பைப் பற்றி என்னிடம் மட்டும் பேசுவதில்லை.

பேத்தி பள்ளிக்கூடம் போனதும், அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சாரப் பேனல் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் மறந்துவைத்த சாப்பாட்டை நான் கொண்டுபோனேன். அலமாரி உயரப் பெட்டிக்குள் தலையை விட்டு, கலர் கலரான ஒயர்களை வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை சரியாக முளைக்காத பையன் ஒருவன் வந்து, "அக்கா, இத ஒருவாட்டி பாத்துருங்களேன், கரெக்டுனா நான் சைன் போட்டுருவேன்" என்றான். அவள் பார்த்தாள், இரண்டு இடத்தைத் திருத்தினாள். அவன் கையெழுத்துப் போட்டான். அவன் யார் என்று கேட்டேன். "புதுசா வந்த இன்ஜினியர் அத்தை" என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். எலக்ட்ரிகல்தான் வேண்டும் என்கிறாள். பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்று புத்தி சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. கவுன்சிலிங்குக்கு எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று தாயும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் பட்டியல் போட்டார்கள். நான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் செமஸ்டரிலேயே கணக்கை விடாதே, விட்டால் நாலு வருஷமும் பின்னாலேயே வரும் என்றாள் மருமகள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பரீட்சை அன்னைக்கி யார் கூப்பிட்டாலும் நிக்காத. நானே கூப்பிட்டாலும் நிக்காத." நான் தூங்குகிறேன் என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்காதிருந்தால் பிள்ளைக்கு முதல் பட்டதாரி என்று அரசாங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது, கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்காகப் போன வாரம் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று ஒவ்வொருவர் படிப்பையும் கேட்டு எழுதினார் அந்த அலுவலர். வீட்டுக்குப் பெரியவள் என்பதால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டிம்மா, உங்க ஊட்ல யாருனா டிகிரி முடிச்சிருக்காங்களா?"

இல்லை என்றால் முடிந்துபோகும். என் வாய் அதைச் சொல்லவில்லை. "இதோ நிக்கிறாளே என் மருமவ, இன்ஜினியருக்குப் படிச்சவ. ஒரே ஒரு பரிச்ச பாக்கி. நான்தான் சார்…"

"சாருக்கு அதெல்லாம் வேணாம் அத்தை" என்றாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. "இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

பேத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வளைகாப்பு அன்றைக்கு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அலுவலர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "யாரும் முடிக்கல."

அம்மா என்ற இடத்துக்கு நேராகப் பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதினார். பிறகு பேத்தியைப் பார்த்து, "உங்க குடும்பத்துக்கே நீதாம்மா மொத ஆளு, நல்லாப் படி" என்றார். அவள் முகம் பூத்தது. மருமகளும் சிரித்தாள். நன்றி சார் என்று சொல்லித் தாளை என் பக்கம் நகர்த்தி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.