பெட்டிக்குள் எரிந்த விளக்கு

கூடலூர் பஜாரில் ஜீப் வயரிங் என்றால் ஹபீப் முகமதுதான். பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுகிற எனக்கு அவரோடு இருபது வருஷப் பழக்கம். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் தீர்ப்புதான் வரும். வண்டி நின்றுவிட்டதென்று யாராவது வந்தால், பானெட்டைத் தூக்கும் முன்பே டிரைவர் என்ன தப்புப் பண்ணினான் என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும். வினையே அதுதான்.

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் முதலாளி, பங்களாவுக்கு வரும் விருந்தாளிகளுக்காகக் கொச்சியிலிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து தடுப்பணை ஏரியில் இறக்கினார். ஊரே சிரித்தது. படகில் ஒரு விளக்கும் எரியவில்லை. மேனேஜர் சசிதரன் ஹபீப் அண்ணனைக் கூப்பிட்டார். படகானால் என்ன, அதிலும் ஜீப் பேட்டரிதானே என்று இவரும் போனார்.

ஜீப்பில் விளக்குக்கு ஒரு வயர் போதும். கரண்ட் திரும்பிப் போக வண்டியின் இரும்பு உடம்பே வழி. அதைத்தான் எர்த் என்பார்கள். படகின் உடம்போ ஃபைபர். அதில் திரும்பிப் போகவும் தனி வயர் உண்டு, அது ஒரு பெரிய சுவிட்ச் வழியாகப் பேட்டரிக்குப் போகும். அந்த வயர் எங்கோ இற்றுப்போயிருந்தது. படகின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய்த் தேட அண்ணனுக்குப் பொறுமை இல்லை. பழகிய கை இரும்பைத் தேடியது. பாய்மரத்தின் அடியில் ஒரு இரும்புப் பட்டை கிடைத்தது. எல்லா விளக்கின் எர்த்தையும் அதில் முடுக்கி, அங்கிருந்து நேரே பேட்டரிக்கு ஒரு வயர் இழுத்தார். விளக்குகள் எரிந்தன. அரை மணி நேர வேலை என்று எங்களிடம் வந்து பீற்றிக்கொண்டார்.

படகைத் துடைத்து, சாயங்காலம் பெரிய சுவிட்சை அணைத்துப் பூட்டுவது காத்தாயி அக்காவின் வேலை. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து முட்டி தேய்ந்துபோய், சரிவில் ஏற முடியாமல் கெஞ்சிக் கேட்டு வாங்கிய வேலை அது.

ஒரே வாரத்தில் பேட்டரி செத்தது. சார்ஜ் ஏற்றினார்கள், மறுபடியும் செத்தது. விருந்தாளிகள் முன்னால் மேனேஜருக்கு மானம் போயிற்று. அண்ணன் போனார். படகில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் நின்றபடியே சொன்னார்.

"வயரிங் பக்காங்க. சாயங்காலம் சுவிட்சை அணைக்காம போறாங்க, வேறென்ன?"

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னாலும் காத்தாயி அக்காவுக்குத் திட்டு விழுந்தது. அணைத்தேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பழையபடி கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் மேனேஜரே தன் கையால் அணைத்துப் பூட்டினார். பேட்டரி அப்போதும் செத்தது. அவருக்குக் காத்தாயி அக்காவின் நினைவு வரவில்லை. பேட்டரி பழசு என்று முடிவு கட்டினார்.

புதுப் பேட்டரியோடு போன அண்ணன், அதை மாட்டி, பெரிய சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்பானர் வைக்க இடம் தேடி, படகுப் பாயைச் சுருட்டி வைக்கும் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்ற விளக்குகளைப் போல இதற்கும் தனி சுவிட்ச் உண்டு, அது எரிகிற நிலையிலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. பெரிய சுவிட்சைப் போட்டார், அணைத்தார். அது பாட்டுக்கு எரிந்தது. அவர் நேரே இழுத்த வயர் வழியாகவே கரண்ட் திரும்பிப் போனதால் பெரிய சுவிட்ச் செல்லாக்காசாகியிருந்தது. அக்கா தினமும் அணைத்திருக்கிறார், இதுவும் தினமும் எரிந்திருக்கிறது.

உடம்பெல்லாம் கூசிப்போனதாக என்னிடம் சொன்னார். கூசி என்ன பண்ண? இழுத்த வயரைப் பிடுங்கினார், நாள் பூரா ஊர்ந்து இற்ற வயரைக் கண்டுபிடித்து மாற்றினார், வயரில் ஈரம் ஏறிவிட்டதென்று மேனேஜரிடம் புளுகிவிட்டுப் பைக்கை எடுத்தார். அந்தப் புளுகுக்காக எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் உண்டு.

ஃபேக்டரி வளைவில் காத்தாயி அக்கா கொழுந்து மூட்டையோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் நின்றார்.

"மன்னிச்சுக்கங்க பாய். அணைச்ச மாதிரிதான் ஞாபகம். வயசாச்சில்ல, மறந்திருப்பேன் போல. என்னால ஒங்களுக்கும் அலைச்சல்."

"பரவால்லக்கா" என்று இவர் வாயிலிருந்து வந்தது. மன்னிக்கிற இடத்தில் இவர்.

அன்று வீட்டில் அவர் மனைவி ஜுலைகா அண்ணி பரிமாறிய சோறு அவருக்கு இறங்கவில்லை. விடிந்ததும் பெரட்டுக் களத்துக்கே போய், பேர் கூப்பிட்டு முடியும்வரை நின்றார்.

"தப்பு என்னுதுங்க. அக்கா தெனமும் அணைச்சிருக்காங்க. நான் பார்க்காமயே சொல்லிட்டேன்."

மேனேஜர் தரையைப் பார்த்தார். அன்றைக்கே அக்காவைப் படகு வேலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பஜாரில் நாங்கள் அண்ணனைப் பெரிய மனுஷன் என்று புகழ்ந்தோம். அவர் எழுந்து போய்விட்டார். ஏனென்று எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது, படகைப் பார்க்கப் போனவரோடு நானும் போயிருந்தபோது.

சாயங்காலம் காத்தாயி அக்கா சுவிட்சை அணைத்துவிட்டுக் கரைக்கு வந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தார். வந்தார், மறுபடியும் போனார். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் அடுப்பைக்கூட இப்போது மூன்று தடவை பார்க்கிறாராம். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டார்.

"பாய், நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. அணைச்சிருக்கேனா?"

அண்ணன் படகில் ஏறி, குனிந்து பார்த்துவிட்டு, அணைத்திருக்கிறீர்கள் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு, என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்.