தீவுக்குக் கப்பல் வந்தபோது

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று ஹட்டன் தியேட்டரில் எழுந்து நின்று ஒரு கப்பலைத் திட்டினேன்.

படத்தில் ஒரு குடும்பம் ஆளில்லாத தீவில் கரையேறி, மரத்தின்மேல் வீடு கட்டி, மீன் பிடித்துச் சுகமாக வாழ்கிறது. கடைசியில் அவர்களை மீட்கக் கப்பல் வருகிறது.

"அந்தப் பாழாப்போன கப்பல்ல ஏறிறாதீங்க" என்று கத்தினேன். "அங்கதான் காலையில பேர் கூப்பிடுற பெரட்டு இல்ல, கண்டாக்கு இல்ல, மழையில கொழுந்து எடுக்கச் சொல்ல ஒருத்தனும் இல்ல."

தியேட்டரே கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மேலதிகாரி கண்டாக்கு ஐயா மெல்லத் திரும்பினார். "ஏங்க, அப்ப நாளைக்கு உங்கள அந்தத் தீவுக்கே அனுப்பிறவா?"

என் வேலை தங்குமா, நீங்களே சொல்லுங்கள்.

தினமும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆட்களை மழையில் தேயிலை மலைக்கு விரட்டுகிற கணக்கப்பிள்ளை நான்தான்.