துணைவேந்தர் கை வைத்த வயிறு

போன வாரம் என் பெரிய மகளுக்குப் பித்தப்பையில் கல் என்று தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வயிற்றில் பொட்டு வைத்ததுபோல் நாலு பிளாஸ்திரி, அவ்வளவுதான். "யாருடி அறுத்தது?" என்று கேட்டேன். "தெரியலம்மா. முகத்தைப் பாக்குறதுக்குள்ள மயக்கம் குடுத்துட்டாங்க" என்றாள். கட்டில் ஓரத்தில் ஒரு கையுறைப் பெட்டி இருந்தது. நர்சுப் பெண் ஒரு ஜோடியை உருவிப் போட்டு, பிளாஸ்திரியைப் பார்த்து, கழற்றிக் குப்பையில் எறிந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் ஒன்றை உருவி முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை.

எங்கள் காலத்துக் கையுறைக்கு வாசனை உண்டு. ரப்பரும் பவுடரும் சோப்பும் கலந்த வாசனை. நான் ஆபரேஷன் தியேட்டர் ஆயாவாக இருந்தவள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், டெல்டாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கையுறையைத் தூக்கி எறிவது கிடையாது. துவைத்து, தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, கொடியில் காயப்போட்டு, பவுடர் பூசி, அவித்து மறுபடி கொடுப்போம். கொடியில் ஐந்து ஐந்து விரலாகத் தொங்கும். யாரோ கூட்டமாக வணக்கம் சொல்வதுபோல் இருக்கும். எங்கள் பெரிய டாக்டருக்கு ஏழரை அளவு. உதவி டாக்டர் ஹமீதாம்மாவுக்கு ஆறு.

பெரிய டாக்டர் என்றால் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர். அவர் கை ராசியான கை என்று பாபநாசத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் பேச்சு. அது கூலித் தகராறு முற்றியிருந்த காலம். அறுவடை வந்தால் வயலில் கதிரோடு சேர்ந்து ஆட்களும் வெட்டுப்பட்டார்கள். மிராசுதார் கொண்டுவந்த வெளியூர் ஆளும் வருவான், அவனை மறித்த சங்கத்து ஆளும் வருவான். இரண்டு பேரையும் அடுத்தடுத்த கட்டிலில் போடச் சொல்வார் டாக்டர். "ஒருத்தனை ஒருத்தன் மொறைச்சுக்கிட்டே கெடப்பான். எவனும் எந்திரிச்சு ஓடமாட்டான்" என்பார். இரண்டு பேர் வீட்டிலும் கேட்பது ஒன்றுதான்: "பெரிய டாக்டர் கையாலதானே?"

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் யாரோ மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஏதோ கண்ணொளி முகாம். பேசிவிட்டு வந்தவர் கை கழுவும்போதுகூட, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று ஹமீதாம்மாவைக் கேட்டார். ஹமீதாம்மா நாகூர்ப் பக்கத்துப் பெண். அவரிடமே படித்து அவருக்கே உதவியாக இருந்த டாக்டர். "ரொம்ப நீளமா இருந்துச்சு சார்" என்றார் சிரித்துக்கொண்டே. டாக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கூட்டம் கூட்டமாகப் போனார். போர்த்திய பொன்னாடைகள் வீட்டில் இடம் இல்லாமல் வார்டுக்கு வந்தன. குளிர்காலத்தில் எங்கள் தரும நோயாளிகள் ஜரிகை போர்த்திக்கொண்டு கஞ்சி குடித்தார்கள். ஆட்சி மாறியது. அவர் அறைச் சுவரில் படமும் மாறியது. பழைய படத்தைத் தூக்கிப் போடாமல் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன். ஐந்து வருஷம் கழித்து நானேதான் துடைத்து எடுத்தேன். மேடையில் பகுத்தறிவு பேசுவார். இறங்கி வந்தால் விரலில் புஷ்பராகம், பவழம், இன்னொன்றின் பேர் தெரியாது. பதவிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் துணைவேந்தர் ஆனார். எந்தப் பல்கலைக்கழகம் என்றும் கேட்காதீர்கள், பெயர்ப்பலகைகள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்த காலம் அது.

அதன் பிறகு அவர் கத்தியைத் தொடவில்லை. கத்தரிக்கோலைத்தான் தொட்டார், ரிப்பன் வெட்ட. ஊசி பிடிக்கத் தெரியாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார். உண்மையான டாக்டர் ஒருவர் குறைந்தார், மேடை டாக்டர்கள் பத்துப் பேர் கூடினார்கள் என்று எங்கள் தியேட்டர் நர்சு சொல்வாள்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் குடல் இறங்கியது. களத்துக்குக் கதிர்க்கட்டு சுமந்து சுமந்து வந்த வினை. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம்போல் புடைத்தது, பிறகு ஆரஞ்சு ஆனது. ஹமீதாம்மாவிடம் காட்டினேன்.

"அண்ணே, இது சின்ன ஆபரேஷன்தான். சரின்னு சொல்லுங்க, நாளைக்கே முடிச்சிடுறேன். குடல் சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"நீங்க தங்கமான பொண்ணுங்கம்மா. ஆனா பெரிய டாக்டர் கைதான் என் மேல படணும்."

"அவரு இப்ப துணைவேந்தருண்ணே."

"இருக்கட்டுமே. கை அதே கைதானே?"

சங்கக் கூட்டத்தில் மிராசுதாரும் கூலிக்காரனும் சமம் என்று மேசையைக் குத்திப் பேசுகிறவர். வயிறு என்று வந்தால் துணைவேந்தருக்குக் குறைந்து வேண்டாமாம். எட்டு மாதம் இப்படியே போனது. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்லி மிரட்டுவது? எனக்கோ வீட்டில்கூடக் குரல் எழாது.

அப்போது எங்களுக்குப் புது தியேட்டர் கட்டி முடித்தார்கள். திறந்துவைக்க மந்திரி வருகிறார், துணைவேந்தரும் வருகிறார். யாருக்கோ ஒரு யோசனை: ரிப்பன் வெட்டிய கையோடு துணைவேந்தரே முதல் ஆபரேஷனையும் செய்தால் என்ன? ஆள் தேடினார்கள். சிக்கல் இல்லாத வியாதியாக இருக்க வேண்டும், போட்டோவில் முகம் எடுப்பாக இருக்க வேண்டும். சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, "ஒன் வீட்டுக்காரருக்கு ஏதோ இருக்குன்னியேம்மா?" என்றார். பெண் பார்த்துவிட்டுப் போனதுபோல் என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் அன்றைக்கே முகச்சவரம் செய்துகொண்டார்.

திறப்பு விழா அன்று வாசலில் கொடிகள், வாழைமரம், நாதஸ்வர மேளம். ரிப்பன் வெட்டினார்கள். துணைவேந்தர் மாலையைக் கழற்றிவிட்டுக் கை கழுவ வந்தார். மோதிரங்கள் இரண்டு கழன்றன, புஷ்பராகம் கழலவில்லை. நான் சோப்பு போட்டு உருவிப் பார்த்தேன். ஹமீதாம்மா நூல் சுற்றி இழுத்தார். விரல் சிவந்ததுதான் மிச்சம். ஏழரைக் கையுறை மோதிரத்தில் மாட்டிக் கிழிந்தது. எட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அது விரல் நுனியில் தொளதொளவென்று நின்றது.

போட்டோக்காரன் செருப்புக் காலோடு உள்ளே வந்துவிட்டான். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, விரலை மட்டும் அவன் காலுக்கு நீட்டினேன். அவன் அதையும் ஒரு படம் எடுத்தான்.

என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்திருந்தார்கள். ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். நெஞ்சுக்குமேல் பச்சைத் துணி தடுப்பு. துணைவேந்தர் இடது கையை அவர் நெஞ்சுமேல் ஊன்றி, வலது கையில் கத்தியை எடுத்தார். பளிச் பளிச்சென்று படம் எடுத்தான். போட்டோக்காரன் போனான். கதவு சாத்தியது.

கத்தி அந்தரத்தில் அப்படியே நின்றது.

"லைட்டைத் திருப்புங்க" என்றார். திருப்பினார்கள். "இந்தப் பக்கம்" என்றார். மறுபடி திருப்பினார்கள். தோலில் ஒரு கோடு இழுத்தார், அது நேராக வரவில்லை. எனக்கு அந்தக் கையைப் பதினாலு வருஷமாகத் தெரியும். சேலை நெய்கிறவன் கைபோல் போகிற கை. அன்றைக்கு அது நடுங்கியது. என் மனுஷன் வயிற்றுக்கு மேலே நடுங்கியது. மாதாவே மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

ஹமீதாம்மா மெதுவாகச் சொன்னார்: "சார், மந்திரி வெளியில நின்னுக்கிட்டே இருக்காரு. நீங்க போங்க சார், நான் மூடிடுறேன்."

மூடுவதற்கு என்ன இருக்கிறது? இன்னும் திறக்கவே இல்லை. துணைவேந்தர் கத்தியைத் தட்டில் வைத்தார். "சரிம்மா, மூடிடு" என்றார். வெளியே கைதட்டல் கேட்டது.

உள்ளே குடல், அது இறங்கியிருந்த பையோடு ஒட்டிக்கிடந்தது. சின்ன ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. ஹமீதாம்மா வியர்வையை நான்தான் துடைத்தேன். வெளியே வந்தபோது வாழைமரம்கூட இல்லை.

மறுநாள் பேப்பரில், கத்தியோடு துணைவேந்தர், பக்கத்துப் படத்தில் மந்திரி. என் வீட்டுக்காரர் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார். "துணைவேந்தர் கை வச்ச வயிறு" என்று ஊரெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு மாதம் கழித்து ஹமீதாம்மாவிடம், "ஏம்மா சும்மா இருக்கீங்க?" என்று கேட்டேன். நான் வாழ்க்கையில் கேட்ட துணிச்சலான கேள்வி அதுதான். "அண்ணன் இப்ப சுமை தூக்கலையே? அதைப் பாருங்க" என்றார். சில வருஷத்தில் கல்யாணமாகி வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

துணைவேந்தர் ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக்கு வருகிற கார்கள் நின்றுபோயின. என் வீட்டுக்காரர் மட்டும் வருஷா வருஷம் தைமாதம் ஒரு படி புத்தரிசியோடு போவார். "வயிறு எப்படிய்யா இருக்கு?" என்று கேட்பார் அவர். "உங்க கைராசிங்க" என்பார் இவர். அவர் தரையைப் பார்ப்பார். நான் கதவோரம் நின்று இரண்டு பேரையும் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால் இவர் மனசு உடைந்துவிடும் என்றுதான் அத்தனை வருஷமும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இவர் படுக்கையில் விழுந்த கடைசி மாதம், பாவமன்னிப்பு கேட்பதுபோல் ஒரு நாள் சொல்லிவிட்டேன். "ஒங்கள அறுத்தது அவரு இல்லீங்க. ஹமீதாம்மா."

"தெரியும்டி."

"தெரியுமா?"

"முழிச்சுக்கிட்டுதானே கெடந்தேன். அந்த மனுஷன் கை என் நெஞ்சு மேலதானே இருந்துச்சு? கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குச்சு. எத்தனை பேரைப் பொழைக்க வச்ச கை. அதை நான் போயி ஊருல சொல்லுவேனா?"

"அப்ப ஹமீதாம்மா?"

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து நான் தனியாகப் போய், இவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது என்று துணைவேந்தரிடம் சொன்னேன். கையை மடியில் விரித்துப் பார்த்தார். விரலில் மோதிரம் எதுவும் இல்லை. "கடைசி வரைக்கும் என் கைன்னேவா சொன்னான்?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். "ஹமீதா எங்க இருக்கா, தெரியுமா? நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். தெரியாது என்றேன். அவரும் அடுத்த வருஷம் போய்விட்டார்.

அந்தப் புது தியேட்டர் பழசாகி இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். யார் கை என்று கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனமும் இல்லை. சொன்னால் வலிக்கக்கூடிய இரண்டு பேரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அதனால் இப்போது சொல்கிறேன், நாகூர்ப் பக்கம் யாராவது இதைப் படித்தால் சொல்லிவிடுங்கள்: என் மனுஷனைப் பிழைக்க வைத்தது டாக்டர் ஹமீதா.